நாட்டுக்கு நாடு சூரை மீனின் மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதியாளர்கள், விசைப்படகு வைத்திருப்போர், மீன்வளம் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சு முழுவதும் கடலில் பிடித்த சூரையை (டூனா) பற்றியது. ஒரு நாட்டு விலைக்குப் பக்கத்தில் இன்னொரு நாட்டு விலையை எழுதிவிட்டால் அது ஒப்பீடு ஆகாது. எந்த மீன், எந்த நிலையில், எந்த இடத்தில், யார் கணக்கில் என்ற நான்கும் ஒன்றானால்தான் அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பேசும்.

சூரைன்னா சூரைதானே? ஒரு நாட்டுல டன் ஆயிரத்தைந்நூறு டாலர், இன்னொரு நாட்டுல எட்டாயிரம்னு போட்டிருக்கே, எப்படி?

பெரும்பாலும் அவை இரண்டு வேறு மீன்கள். உலகச் சந்தையில் சூரை என்ற பெயரில் வருபவை வரிச்சூரை, மஞ்சள்துடுப்புச் சூரை (குமரிக் கரையில் கேரை), பெருங்கண் சூரை, அல்பகோர், மூன்று வகை நீலத்துடுப்புச் சூரை ஆகியவை. இவை ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் பிடிபடுகின்றன. அதில் பாதிக்கு மேல் வரிச்சூரை. நீலத்துடுப்பு மூன்று வகையும் சேர்ந்து ஒரு விழுக்காட்டு அளவுதான். வரிச்சூரை டப்பாவில் அடைக்கப் போகிறது. நீலத்துடுப்பும் நல்ல பெருங்கண் சூரையும் பச்சையாகச் சாப்பிடும் சஷிமிக்குப் போகின்றன. இவற்றை ஒரே சராசரியில் போட்டால் வரும் எண் எந்த மீனின் விலையும் அல்ல.

இந்தியப் புள்ளிவிவரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கரையோரம் கிடைக்கும் சாதாரணச் சூரையும் எலிச்சூரையும் நம் பிடிப்பில் கணிசமான பங்கு. மேலே சொன்ன உலகக் கணக்கில் அவை சேராது. ஒப்பிடும் முன் அவற்றைப் பிரித்து வையுங்கள்.

"மதிப்பு"ன்னா எது? மீனவர் கையில கிடைக்கிறதா, கடையில நாம கொடுக்கிறதா?

இரண்டும் மதிப்புதான். எதைச் சொல்கிறோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. இறங்குதுறையில் முதல் விற்பனை விலை ஒன்று. ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேறும்போது உள்ள விலை (எஃப்ஓபி) இரண்டு. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து இறக்குமதி நாட்டில் இறங்கும் விலை (சிஐஎஃப்) மூன்று. மொத்த வியாபாரி விலை, கடை விலை, உணவகத் தட்டின் விலை என்று அது மேலே ஏறிக்கொண்டே போகும்.

இடைவெளி எவ்வளவு என்பதற்குப் அமெரிக்காவின் பியூ அறக்கட்டளை செய்த உலக மதிப்பீடு ஒன்று உதவும். 2014இல் முக்கிய சூரை வகைகளின் துறைமுக மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அதே மீனுக்கு நுகர்வோர் கடைசியில் கொடுத்த தொகை ஏறத்தாழ 4,200 கோடி டாலர். ஒரு நாட்டுக்குத் துறைமுக விலையும் இன்னொரு நாட்டுக்குக் கடை விலையும் எடுத்தால், எந்த வித்தியாசமும் இல்லாத மீனில்கூட நான்கு மடங்கு வித்தியாசம் தெரியும்.

ஜப்பான்ல ஒரே மீன் பல கோடிக்கு ஏலம் போச்சுன்னு செய்தி வருதே, அதுதான் அங்க விலையா?

இல்லை. 2019 ஜனவரி 5இல் டோக்கியோ தொயோசு சந்தையின் முதல் ஏலத்தில் 278 கிலோ நீலத்துடுப்பு 33.36 கோடி யென்னுக்குப் போனது. கிலோவுக்கு 12 லட்சம் யென். அது புத்தாண்டு முதல் ஏலம். வாங்கியவர் சுஷி உணவகக் குழுமத்தின் உரிமையாளர். அந்தத் தொகையில் பெரும்பகுதி விளம்பரத்துக்கான செலவு. மற்ற நாட்களில் அதே தரத்து மீன் பெரும்பாலும் அதில் நூறில் ஒரு பங்குக்கே போகும். ஜப்பான் விலை வேண்டுமென்றால் ஆண்டு முழுவதுக்குமான சராசரியை எடுங்கள். ஜனவரி முதல் ஏலத்தைத் தனியே ஒதுக்குங்கள்.

எல்லாத்தையும் கிலோவுக்கு டாலர்னு மாத்திட்டா ஒப்பிடலாம்தானே?

கிலோ என்றால் எதன் கிலோ என்று முதலில் கேளுங்கள். சுருக்குமடிக் கப்பலில் உறைந்து வரும் வரிச்சூரை முழு மீன். விமானத்தில் போகும் மஞ்சள்துடுப்பு செவுளும் குடலும் எடுத்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைக்குப் போவது பலநேரம் வேகவைத்துத் தோலும் முள்ளும் கருஞ்சதையும் நீக்கிய லாயின் (நீளச் சதைத்துண்டு). ஒவ்வொன்றையும் முழு மீன் எடைக்கு மாற்றிய பிறகே விலையை வகுக்க வேண்டும்.

செவுளும் குடலும் எடுத்த மஞ்சள்துடுப்பின் எடையை 1.13 முதல் 1.16 வரை ஏதாவது ஒன்றால் பெருக்கினால் முழு எடை வரும். எந்த எண்ணை எடுத்தாலும் எல்லா நாட்டுக்கும் அதையே வையுங்கள். டப்பாவுக்குப் போகும் வரிச்சூரையில் சுத்தம் செய்த வெந்த சதை 40 முதல் 45 விழுக்காடு தேறும். சிறிய மீனில் இது குறையும், கூலி கூடும்.

டப்பாவிலும் கவனம் வேண்டும். அட்டையில் 170 கிராம் என்று இருப்பது எண்ணெயோ உப்புநீரோ சேர்ந்த எடை. வடித்த எடை 120 கிராம் அளவில் இருக்கலாம். 42 விழுக்காடு தேறினால் ஒரு டன் வரிச்சூரையில் 420 கிலோ சதை, அதாவது 120 கிராம் வீதம் 3,500 டப்பா. மீன் டன் 1,500 டாலருக்கு வாங்கப்பட்டிருந்தால் ஒரு டப்பாவுக்குள் இருக்கும் மீனின் விலை 43 சென்ட். மீதி எல்லாம் தகரம், எண்ணெய், கூலி, வரி, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு. டப்பா விலையை வைத்து ஒரு நாட்டு மீனவர் வருமானத்தைப் பேசுவது ஏன் செல்லாது என்பது இதிலேயே தெரியும்.

எந்த நாள் டாலர் ரேட் போடணும்?

மீன் விற்ற மாதத்தின் சராசரி. ஆண்டுக் கணக்கானால் அந்த ஆண்டின் சராசரி. இன்றைய விகிதத்தைப் பழைய விலைக்குப் போடக் கூடாது. 2021இல் டாலருக்கு 110 யென் அளவு. 2024இல் 151 அளவு. டோக்கியோவில் கிலோ 3,000 யென் என்றே நின்ற ஒரு மீன், டாலர் கணக்கில் 27இலிருந்து 20க்கு இறங்கியதாகத் தெரியும். மீனின் மவுசு குறையவில்லை, யென் இறங்கியது. இலங்கையில் இதன் எதிர்ப்பக்கம் நடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதம் 360 ஆனது. ரூபாயில் மீன் விலை எகிறியது. டாலரில் பார்த்தால் படம் வேறு. அதனால் உள்நாட்டுப் பணத்திலும் டாலரிலும் இரண்டு பத்தி (நெடுவரிசை) வைத்துப் பாருங்கள்.

எதுக்கெடுத்தாலும் பாங்காக் விலைன்னு சொல்றாங்களே, தாய்லாந்து அவ்வளவு சூரையா பிடிக்குது?

மிகக் குறைவு. தாய்லாந்து உலகின் முதல் நிலை டப்பாச் சூரை ஏற்றுமதி நாடு. ஆனால் அதற்கான மீனை ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்து, பெரும்பாலும் மேற்குப் பசிபிக்கிலிருந்து உறைந்த நிலையில் வாங்குகிறது. அவ்வளவு மீன் ஒரே இடத்தில் கைமாறுவதால் 1.8 கிலோவுக்கு மேற்பட்ட உறைந்த வரிச்சூரையின் பாங்காக் விலை உலகத்துக்கே அளவுகோலாகிவிட்டது. அது 2013இல் டன்னுக்கு 2,300 டாலரைத் தாண்டியது. 2015 முடிவில் 1,000 டாலர் அளவுக்கு விழுந்தது. ஓராண்டு விலையை மட்டும் எடுத்து எந்த நாட்டையும் எடைபோடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இது பாங்காக்கில் கொண்டுவந்து சேர்த்த விலை. பப்புவா நியூ கினி துறைமுகத்து விலையோடு ஒப்பிடும்போது சுமைக் கப்பல் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கிரிபாட்டி கடல்ல கொரியாக் கப்பல் பிடிச்சா அது யார் மீன்? யார் மதிப்பு?

நாடுகளை ஒப்பிடுவதில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பிடிப்புக் கணக்கு கப்பலின் கொடியைப் பார்க்கிறது. ஆகவே அந்த மீன் கொரியாவின் பிடிப்பு. மீன் வளர்ந்த கடல் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியுடையது. டப்பாவில் அடைத்தது தாய்லாந்தாக இருந்தால் ஏற்றுமதி மதிப்பு அங்கே பதிவாகும். ஒரே மீன், மூன்று நாடுகள், மூன்று மதிப்பு. ஸ்பானிய, பிரெஞ்சு நிறுவனங்களின் கப்பல்கள் சேஷெல்ஸ், மொரிசியஸ் கொடியோடு ஓடுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கொடிக் கணக்கில் சேஷெல்ஸ் பெரிய மீன்பிடி நாடு. லாபம் போகும் இடம் அந்தக் கணக்கில் தெரியாது.

கடலுக்கு உரிமையான நாட்டின் பங்கை அறிய உரிமக் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். 1982இல் நவுரு ஒப்பந்தத்தில் சேர்ந்த பசிபிக் தீவு நாடுகள் இன்று எட்டு: மைக்ரோனேசியா, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், நவுரு, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு. 2007 முதல் இவை மீனுக்குப் பதில் மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு சுருக்குமடிக் கப்பல் தங்கள் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை. 80 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்கு ஒரு நாள் ஒன்றரை நாளாகக் கணக்கு. 50 மீட்டருக்குக் குறைந்ததற்கு அரை நாள். குறைந்தபட்ச விலை 2015இல் நாளுக்கு 8,000 டாலர் ஆனது. 2010இல் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து 6 கோடி டாலர் அளவில் இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் 50 கோடி டாலர் அளவை எட்டியது.

கணக்கு எளிது. ஒரு கப்பல் நாளுக்கு 30 டன் பிடித்து, டன் 1,500 டாலருக்கு விற்றால் நாள் வருமானம் 45,000 டாலர். நாள் கட்டணம் 10,000 என்று வைத்தால் கடலுக்கு உரிமையான நாட்டுக்கு 22 விழுக்காடு. மீன் விலை 1,000க்கு இறங்கினால் அதே கட்டணம் 33 விழுக்காடு. தீவு நாடுகள் ஒன்றாக நின்று பேரம் பேசியதால் கிடைத்த பலன் இது. தனித்தனியே உரிமம் விற்ற காலத்தில் மீன் மதிப்பில் சில விழுக்காடுதான் அவர்கள் கைக்கு வந்தது.

பிடிப்புக் கணக்கும் சுங்கக் கணக்கும் ஒத்துப்போகவே மாட்டேங்குது. எதை நம்புறது?

இரண்டும் அளப்பது வேறு வேறு. பிடிப்புக் கணக்கு கொடியையும் எடையையும் சொல்லும். விலையை நீங்கள்தான் பெருக்க வேண்டும். சுங்கக் கணக்கு எல்லை கடந்த சரக்கையும் பணத்தையும் சொல்லும். உள்நாட்டில் தின்றதைச் சொல்லாது. சுங்கக் கோடுகளில் (சரக்குக்கான குறியீட்டு எண்கள்) இவை போதும்: குளிரூட்டிய மஞ்சள்துடுப்பு 0302.32, உறைந்த மஞ்சள்துடுப்பு 0303.42, உறைந்த வரிச்சூரை 0303.43, உறைந்த சதைத்துண்டு 0304.87, டப்பாவும் வெந்த லாயினும் 1604.14. கடைசிக் கோட்டில் டப்பாவும் லாயினும் கலந்து கிடக்கின்றன. நாட்டின் உள்கோடுகளில் இறங்கித்தான் பிரிக்க முடியும்.

ஏற்றுமதி நாடு எஃப்ஓபியில் எழுதும், இறக்குமதி நாடு பெரும்பாலும் சிஐஎஃபில் எழுதும். விமானத்தில் போகும் மீனில் இந்த இடைவெளி மிகப் பெரியது. விடுபடும் இன்னொன்று மாசி. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் வரிச்சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்துச் செய்யும் மாசிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ மீன் போனால் ஒரு கிலோ தேறும். அது 0305 என்ற பொதுவான கருவாட்டுக் கோட்டில் போய்விடுகிறது. மாலத்தீவிலிருந்து இலங்கைச் சமையலறைகளுக்குப் போகும் அந்த மதிப்பைச் சூரைக் கோடுகளில் தேடினால் கிடைக்காது.

மாலத்தீவுக்காரங்க கழித்தூண்டில்ல ஒவ்வொண்ணாப் பிடிக்கிறாங்க. அதுக்குக் கூடுதல் விலை கிடைக்குதா?

டப்பாவின் மேல் கழித்தூண்டில் மீன் என்று எழுதி விற்கும் ஐரோப்பியச் சந்தையில் கிடைக்கிறது. மாலத்தீவின் கழித்தூண்டில் வரிச்சூரை 2012இல் எம்எஸ்சி சான்று (வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்கான சான்று) பெற்றது. ஆனால் அதே மீன் முழுதாக உறைந்து தாய்லாந்துக்குப் போனால், முன்பே சொன்ன பாங்காக் அளவுகோல்தான் அதையும் இழுக்கும்.

இங்கே வரி குறுக்கே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டப்பாச் சூரைக்குப் பொது இறக்குமதி வரி 24 விழுக்காடு. தொழிற்சாலைக்குப் போகும் முழு உறைமீனுக்கு வரி இல்லை. மாலத்தீவு மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து 2011இல் வெளியேறியது. அதற்கான வரிச்சலுகை 2014 தொடக்கத்தில் முடிந்தது. சேஷெல்ஸ், மொரிசியஸ், பிலிப்பைன்ஸ், எக்வடோர் டப்பாக்கள் வரியில்லாமல் நுழைய, மாலத்தீவு டப்பா 24 விழுக்காட்டோடு நிற்கிறது. ஒவ்வொன்றாகத் தூண்டிலில் ஏற்றிய மீனுக்கு இது நியாயமான நிலை அல்ல. இந்த வித்தியாசத்தை மீனின் தரக் குறைவாகப் படிக்காதீர்கள்.

ஒரே இந்தியப் பெருங்கடல். ஒரு படகு மீன் விமானத்துல போகுது, பக்கத்துப் படகு மீன் டப்பாவுக்குப் போகுது. ஏன்?

முதல் அரை மணி நேரத்தில் படகில் என்ன செய்தார்கள் என்பதால். மஞ்சள்துடுப்பு துடிக்கத் துடிக்க உடம்பு சூடேறும். அந்தச் சூட்டோடு விட்டால் சதை வெளிறி, வெந்தது போல் ஆகும். ஜப்பானியர் அதை யாக்கே என்பார்கள். அந்த மீன் சஷிமிக்கு ஆகாது. லாங்லைன் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் பல கொக்கிகள்) உயிரோடு வந்த மீனை மெத்தை மேல் ஏற்றி, மூளையில் குத்தி, தண்டுவடத்தில் கம்பி விட்டு, மார்புத்துடுப்புக்குப் பின்னால் கீறி இரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் போட வேண்டும். பெரிய மீனின் நடுச்சதை 4 டிகிரிக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகும். அது இறங்கிய பிறகே ஐஸில் அடுக்குவது. செவுள் வலையில் மாட்டி இரவெல்லாம் செத்துக் கிடந்த மீனுக்கு இதில் எதைச் செய்தும் தரம் திரும்பாது.

கரையில் தரம் பார்ப்பவர் குழல் ஊசியால் சதையைத் துளைத்து நிறம், தெளிவு, கொழுப்பு பார்த்து 1, 2+, 2, 3 எனப் பிரிப்பார். பிறகு ஹிஸ்டமின். சூடு பட்ட சூரையில் பாக்டீரியா உண்டாக்கும் இந்த நச்சு சமைத்தாலும் போகாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு சரக்கில் ஒன்பது மாதிரி எடுத்துச் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100க்கும் 200க்கும் நடுவே இரண்டு இருக்கலாம். ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது.

பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கியபோது படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, 50 விழுக்காடு ஒன்றிய அரசு, 20 மாநில அரசு, 20 வங்கிக் கடன், 10 மீனவர் பங்கு என்று வகுத்தார்கள். படகு மட்டும் வந்தால் விமானத்தில் போகும் மீனின் விலை வராது. ஐஸ் கூழுக்கான தொட்டி, பயிற்சி, கரையில் தரம் பார்த்து வாங்கும் ஆள், விமான நிலையம் வரை குளிர் வண்டி என எல்லாம் வேண்டும். இலங்கையின் மஞ்சள்துடுப்பு ஏற்றுமதி காலூன்றியது இந்தச் சங்கிலியில்தான்.

நல்லா ரத்தச் சிவப்பா இருந்தா முதல் தர மீன்தானே?

கார்பன் மோனாக்சைடு ஏற்றிய மீனும் அப்படித்தான் இருக்கும், பழையதானாலும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் அதற்கு இடமில்லை; அமெரிக்காவில் அந்த வாயு உள்ள வடிகட்டிய புகை முறைக்கு அனுமதி உண்டு. அதனால் அமெரிக்க உறைத்துண்டு விலையை ஜப்பானியப் புதுமீன் விலையோடு ஒப்பிடும்போது எந்த முறையில் பதப்படுத்தியது என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலியா, மால்டாவுல கூண்டுல கொழுக்க வைக்கிறாங்களே, அது கடல்ல பிடிச்சதா பண்ணை மீனா?

பிடிபட்டதும் அது கடல் மீன். விற்கும்போது பண்ணை மீன். ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் இளம் தெற்கு நீலத்துடுப்பைச் சுருக்குமடியில் பிடித்து, கூண்டோடு இழுத்து வந்து, மத்தி போன்ற மீன் கொடுத்துக் கொழுக்க வைத்து விற்கிறார்கள். ஏற்றுமதி எடையையும் மதிப்பையும் அப்படியே எடுத்தால் தீனியின் மதிப்பும் சேர்ந்துவிடும். பிடிப்பையும் பண்ணை உற்பத்தியையும் கூட்டினால் ஒரே மீன் இருமுறை எண்ணப்படும். கூண்டுக்குள் போன அன்றைய எடையை மட்டும் பிடிப்பாக எடுங்கள்.

எங்க துறைமுக விலையை ஜப்பான் விலையோட எப்படி ஒப்பிடுறது? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் துறைமுகத்தில் முழுக் கேரை கிலோ 180 ரூபாய். ஜப்பானில் செவுள் குடல் எடுத்த மீன் இறங்கும் விலை 1,000 யென். யென் 57 காசு என்றால் 570 ரூபாய். இதில் விமானக் கட்டணம் 180, பெட்டி ஐஸ் கையாளுதல் 50, ஏற்றுமதியாளர் பங்கு 40 போனால் 300. இதை 1.15ஆல் வகுத்தால் முழு மீனுக்கு 261 ரூபாய்.

இன்னும் முடியவில்லை. பத்தில் மூன்று மீன் தரத்தில் தோற்று உள்ளூரில் 150 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், சராசரி 228 ரூபாய். முதலில் 180க்கும் 570க்கும் நடுவே தெரிந்த 390 ரூபாய் இடைவெளி உண்மையில் 48 ரூபாய். தோற்கும் மீனை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் சராசரி 250 ஆகும். விமானக் கட்டணம் உங்கள் கையில் இல்லை, இது இருக்கிறது.

வாங்கும் சக்தி விகிதம் போட்டு ஒப்பிடணும்னு பேராசிரியர் சொல்றார். சரியா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ மீன் விற்ற பணம் மாலேயிலும் மணிலாவிலும் மீனவர் வீட்டுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு வாடகை வாங்கித் தருகிறது என்று அறிய அந்த விகிதம் சரி. எல்லை கடந்து விற்கும் சரக்கின் விலைக்குச் சந்தை விகிதம்தான். டீசல், தூண்டில் கயிறு, இன்ஜின் உதிரி எல்லாம் உலகச் சந்தை விலையில் வருவதால் செலவுப் பத்திக்கும் சந்தை விகிதத்தையே வையுங்கள்.

அப்போ மதிப்பு அதிகமா காட்டுற நாடுதான் அதிகம் சம்பாதிக்குதா?

அப்படிச் சொல்ல முடியாது. பாங்காக்கின் டப்பா ஏற்றுமதி மதிப்புக்குள் வாங்கிய மீனின் விலை ஒளிந்திருக்கிறது; அதைக் கழித்தால்தான் அங்கே சேர்ந்த மதிப்பு. தொலைதூரக் கப்பல் நாடுகளின் வருமானத்துக்குள் டீசல் மானியம் இருக்கலாம். அதைத் தனியே எடுக்க வேண்டும். கிரிபாட்டியின் உரிமக் கட்டணத்தில் மீன்பிடிச் செலவே இல்லை. அரசு வருவாயில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. பிடிப்பு எடை, துறைமுக மதிப்பு, ஏற்றுமதியில் இறக்குமதி மீன் போக மீதி, உரிமக் கட்டணம், மானியம் என ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து பத்தி போட்டு அடுத்தடுத்து வையுங்கள். ஐந்தையும் ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள். ஒரே டாலர் இரண்டு மூன்று பத்தியில் வந்திருக்கும்.